தோலாற் கெட்ட தவளை

தவளை தன் வாயாற் கெடும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. மாரி காலத்து இரவில் வயற்கரையிலே கிடந்து ஓயாது கத்துந் தவளை, தான் இருக்கும் இடத்தைத் தானே பாம்புக்கு அறிவித்து மாள்கின்றது என்பது அதன் கருத்து. அடக்கமின்றிப் பேசும் மாணாக்கனைத் திருத்துதற்கு ஆசிரியர் பலர் இதனை எடுத்தாண்டிருப்பர், யானும் ஆண்டிருக்கிறேன். ஆயினும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி உலகின் பல பாகங்களில் தவளைக் குலம் அழிந்த வரலாற்றைப் படித்த பின்னர், அப்பழமொழியைச் சொல்லப் புகுந்தோறும் சற்றே தயங்குகின்றேன். அத்தவளைகள் வாயாற் கெடவில்லை, தோலாற் கெட்டன. அவற்றைக் கெடுத்தது பாம்பும் அன்று, கொக்கும் அன்று. வெறுங் கண்ணுக்குப் புலனாகாத பங்கசு ஒன்று.

தமிழ் கற்பிப்பவனுக்கு இப்பொருளில் யாது தொடர்பு என வினவுவார்க்கு ஒரு சொல். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவனொருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, "சேர், இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டான். பற்றாக்கோகிற்றிரியம் தெந்திரோபற்றிடிசு என்பது அப்பெயர். பெயரைப் பிரித்துப் பார்த்தோம். பற்றாக்கோசு என்பது கிரேக்க மொழியிலே தவளை. கிற்றிரா என்பது மட்பாண்டம். பிற்பகுதி, அப்பங்கசு முதன்முதல் எடுக்கப்பெற்ற தவளைச் சாதியின் பெயர். மரமேறி என்று பொருள்படும். நம்மூரிற் பனையிலே கட்டும் முட்டி நினைவுக்கு வரவே, "தவளைமுட்டி என்று வைத்துக்கொள்" என்றேன். "தவலை ஏற்கனவே ஒரு பாத்திரந்தானே, சேர்" என்று அவன் சிரித்தான். லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அன்று ஒருமுறை கூடப் படிப்பித்து அனுப்பினேன். ஆனால், பொருளை அறியாது சொல்லை மட்டும் பெயர்த்துக் கொடுத்த குற்றம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனைத் தீர்க்கும் பொருட்டுப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை. நீண்ட பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாது, இங்கு அதனை முட்டிப் பங்கசு என்றே வழங்குவேன்.

நுண்ணுயிர்களைப் பற்றி நம் கீழ் வகுப்புகளிற் கற்பிக்கும் முறையில் ஒரு குறை உண்டு. பற்றீரியா, பங்கசு, வைரசு என மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லி, மூன்றும் நோய் செய்யும் கிருமிகள் என்று முடித்துவிடுகின்றோம். உண்மையில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவானவை. பற்றீரியா என்பது கருவுக்கெனத் தனி உறையில்லாத ஒற்றைக் கலம். பங்கசோ நம் உடற் கலங்களைப் போலக் கருவுடைய கலங்களாலானது. காளானும் பாணிற் பூக்கும் பூஞ்சணமும் அதன் இனத்தவை. வைரசுக்குக் கலமே இல்லை. பிறிதோர் உயிரின் கலத்துட் புகுந்தாலன்றித் தன்னைப் பெருக்கிக்கொள்ள அது வல்லதன்று. இம்மூன்றும் ஒரு தவளையின் தோலிலே சந்திக்கும்போது யார் பகை, யார் துணை என்பது நாம் எண்ணுமளவு எளிதாய்த் துணியத் தக்கதன்று. அதனைக் காட்டுதற்கே இவ்வரலாற்றைத் தெரிந்துகொண்டேன்.

முதலில் தவளையின் தோலை அறிதல் வேண்டும். நமக்குத் தோல் ஒரு போர்வை. தவளைக்கோ அதுவே பாதி நுரையீரல், அதுவே தொண்டை, அதுவே உப்பை அளந்து வைக்கும் களஞ்சியக் கதவு. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகின்றது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகவே நிகழும். இரத்தத்தில் இருக்க வேண்டிய சோடியம், பொற்றாசியம் முதலிய உப்புக்கள் நன்னீரிற் கரைந்து வெளியேறாதவாறு காப்பதும், இழந்ததை நீரிலிருந்து மீட்டெடுப்பதும் அத்தோலின் கலங்களே. இத்துணைத் தொழில் செய்யும் உறுப்பு எத்துணை மென்மையாய் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முட்டிப் பங்கசு வாழ்வது இத்தோலின் மேற்படையிலுள்ள கெரற்றின் என்னும் பொருள் நிறைந்த கலங்களுள்ளே. அதன் வித்துக்கள் ஒற்றை வாலுடையன, நீரில் நீந்துவன. ஆயினும் பெருந் தூரம் நீந்த வல்லன அல்ல. தம் முயற்சியால் இரண்டு சதமமீற்றர் செல்வதே அரிது. தவளைத் தோலை அடைந்த வித்து வாலை இழந்து, கலத்தினுட் புகுந்து, உருண்டு திரண்டு ஒரு முட்டி போலாகின்றது. அம்முட்டிக்கு ஒரு சிறு கழுத்தும் உண்டு. அது தோலின் புறத்தை நோக்கி நிற்கும். உள்ளே புதிய வித்துக்கள் நிரம்பியதும் கழுத்து வாய் திறந்து அவை நீரிலே சிந்துகின்றன. சில மீண்டும் அதே தவளையின் தோலையே பற்றும். சில அடுத்த தவளையைத் தேடும். நான்கைந்து நாட்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். பெயரிட்டவர் முட்டி என்றது உவமையன்று, கண்டதைக் கண்டவாறே சொன்னது என்பதை இதன் படத்தை நுணுக்குக்காட்டியிற் கண்டார் உணர்வர்.

இப்பங்கசு குளிர்ச்சியை விரும்புவது. 17 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையிலே செழித்து வளரும். 30 பாகையை எட்டினால் நலிந்து மடியும். இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

வாற்பேய்களின் நிலை வியப்புக்குரியது. வாற்பேயின் உடற்றோலிலே கெரற்றின் இல்லை. அதன் வாயைச் சுற்றியுள்ள பற்போன்ற உறுப்புக்களில் மட்டுமே உண்டு. ஆதலிற் பங்கசு வாற்பேயின் வாயிலே தங்கும். வாற்பேய் பெரும்பாலும் சாவதில்லை. அது வால் சுருங்கித் தவளையாகி, உடல் முழுதும் கெரற்றின் பரந்த தோலைப் பெற்றதும், வாயிற் கிடந்த பகை தோல் முழுதும் பரவுகின்றது. குளத்திலே ஆயிரம் வாற்பேய்கள் கொழுத்து நீந்தக் கண்டவர், தவளை இனத்துக்கு ஒரு குறையுமில்லை என்று எண்ணி மகிழ்வர். கரையேறிய சில வாரங்களில் அவை ஒன்றொன்றாய் மடியும்.

இனி, இது எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் கூறுவேன். 1989 ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள கன்ரபரி நகரிலே, ஊர்வனவற்றையும் ஈரூடக வாழிகளையும் ஆராய்வோரின் முதலாவது உலக மாநாடு கூடியது. பல நாட்டு அறிஞர் அங்கே சந்தித்துப் பேசியபோது, தத்தம் காடுகளில் மட்டும் நிகழ்ந்ததென அவர்கள் எண்ணியிருந்த செய்தி எல்லா நாட்டிலும் ஒன்றாயிருக்கக் கண்டு திகைத்தனர். காடு அழிக்கப்பட்ட இடத்திலே தவளை குறைந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோடரி படாத, காவலுள்ள மலைக்காடுகளிலேயே அவை மறைந்துகொண்டிருந்தன.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லாமற் போக மனம் இடந்தரவில்லை. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மலை ஓடைகளிலே ஒரு தவளை இருந்தது. அதன் பெண் தான் இட்ட முட்டைகளை விழுங்கும். அவை தாயின் இரைப்பையிலே பொரித்து வளரும். அக்காலம் முழுதும் இரைப்பையின் அமிலச் சுரப்பு நின்றிருக்கும். தாயும் உணவு கொள்ளாது. குஞ்சுகள் முற்றியதும் தாய் வாயைத் திறக்க, அவை ஒவ்வொன்றாய் வெளியே குதிக்கும். 1973 ஆம் ஆண்டிலே அறிவியலுலகுக்கு அறிமுகமான இத்தவளையைக் காட்டிலே கடைசியாகக் கண்டது 1981 இல். அதனோடு உறவுடைய மற்றோரினம் 1984 இற் கண்டுபிடிக்கப்பட்டு மறு ஆண்டே காணாமற் போயிற்று. அக்காலத்து எவரும் பங்கசைத் தேடவில்லை. ஆதலின் இவற்றின் அழிவுக்கு அதுவே காரணமென்று நிறுவ இயலாதாயினும், ஐயம் அதன்மேலேயே நிற்கின்றது. வாயாற் கெடுவதாக நாம் பழித்த குலத்திலே வாயால் ஈன்ற தாய் ஒருத்தி இருந்தாள் என்பதை அறிந்தபோது, அவள் இல்லாது பத்துக்கணக்கான ஆண்டுகள் கழிந்திருந்தன.

1993 ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்தின் வடபகுதி மழைக்காட்டிலே தவளைகள் திரளாக மடிந்து கிடக்கக் கண்டனர். நோய் ஒன்று பரவுகின்றது என்பது தெளிவாயிற்று. ஆனால் யாது நோய்? முதலில் எழுந்த ஐயம் வைரசின்மேல். இறந்த தவளைகளின் ஈரலையும் குருதியையும் துருவினர். லீ பெர்கர் என்னும் இளம் ஆய்வாளர் தோலை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, மேற்படையிலே உருண்டையான உறுப்புக்கள் சில தென்பட்டன. அவற்றை முதலிற் பொருட்படுத்தாமை வியப்பன்று. இவ்வினத்துப் பங்கசுகள் மண்ணிலும் குளத்திலும் உதிர்ந்த மகரந்தத்தையும் இலைக் குப்பையையும் தின்று வாழ்வன என்றே அதுவரை நூல்கள் கூறின. முதுகெலும்புடைய விலங்கைக் கொல்லும் பங்கசு இவ்வினத்தில் இல்லை என்பது எல்லாரும் அறிந்த "உண்மை". எல்லாரும் அறிந்தவற்றாற் கல்விக்கு நேரும் இடையூறு சிறிதன்று. 1998 ஆம் ஆண்டிலே பெர்கரும் அவரோடு உழைத்தோரும், அவுஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளின் தோலில் ஒரே பங்கசு இருத்தலையும், அதனை நலமுள்ள தவளைக்கு ஏற்றினால் அது மாள்வதையும் காட்டி எழுதினர். அதே காலத்தில் வாஷிங்டன் நகரத்து மிருகக்காட்சிச்சாலையிலே இறந்த நீலத் தவளையொன்றின் தோலிலிருந்து இப்பங்கசைப் பிரித்தெடுத்து வளர்த்து, 1999 இல் அதற்குப் பெயர் சூட்டியவர் மெயின் பல்கலைக்கழகத்து ஜோய்ஸ் லோங்கோர் அம்மையாரும் அவருடைய துணைவரும். இவ்வகைப் பங்கசுகளை ஆராய்வோர் உலகில் மிகச் சிலராயிருந்த காலம் அது. ஒருவரும் விரும்பாத ஒரு துறையை அவர் பல்லாண்டு விடாது பயின்றிருந்தமையாலன்றோ வேண்டிய நேரத்தில் விடை கிடைத்தது.

பங்கசு தோலிலே இருக்கின்றது; தவளை இறக்கின்றது. இடையில் நிகழ்வது என்ன? இதற்குச் செவ்விய விடை 2009 இலே கிடைத்தது. நோயுற்ற பச்சைத் தவளைகளைச் சோதித்தபோது, தோல் உப்பைக் கடத்தும் ஆற்றல் பாதிக்கு மேற் குறைந்திருந்தது. குருதியிலே சோடியம் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கும், பொற்றாசியம் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பங்கும் வீழ்ந்திருந்தன. இவ்வுப்புக்கள் சமநிலையில் இல்லையேல் இதயத் துடிப்பு ஒழுங்காய் நடவாது. பங்கசு தவளையின் உள்ளுறுப்பு ஒன்றையும் தின்னவில்லை. கதவைப் பழுதாக்கியது, அவ்வளவே. இதயம் நின்றது.

மத்திய அமெரிக்காவிலே இந்நோய் சென்ற முறையை எண்ணுந்தோறும் நன்னூற் சூத்திர நிலைகள் என் நினைவுக்கு வருகின்றன. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நால்வகை நிலை அங்கு கூறப்பட்டன. நோய், தான் புகுந்த நிலத்துள்ளே ஆற்றொழுக்காய் நடந்தது: கொஸ்தா ரிக்காவின் மலைகளிலிருந்து பனாமாவுக்கு, மேற்கிலிருந்து கிழக்காக, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னேறியது. கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும்போதோ தவளைப் பாய்த்தாயிற்று. இடையிலுள்ள கடல் அதற்கு ஒரு பொருட்டாகவில்லை.

ஆற்றொழுக்காய் வருவதைக் கணக்கிட இயலுமன்றோ. கரன் லிப்ஸ் என்னும் அம்மையார் அதனைச் செய்தார். 1996, 1997 ஆம் ஆண்டுகளில் மேற்குப் பனாமாவின் போர்த்துனா காட்டிலே தவளைகள் மாளக் கண்ட அவர், நோய் அடுத்துக் கிழக்கே எல் கோப்பே என்னும் இடத்தை அடையும் என்று துணிந்து, அது வருமுன்னரே அங்கு சென்று, உள்ள தவளைகளையெல்லாம் ஆண்டாண்டாய் எண்ணி எழுதிக் காத்திருந்தார். 2004 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நோய் வந்தது. சில மாதங்களுள் ஓடைகள் வெறுமையாயின. 63 இனங்களுள் 25 அவ்விடத்தை விட்டு மறைந்தன. சேர்த்து வைத்திருந்த இழையங்களை மரபுப் பொருட் சோதனைக்கு உட்படுத்தியபோது, அறிவியல் பெயரிடாத மேலும் 11 இனங்கள் அங்கு இருந்தமை 2010 இலே தெரியவந்தது. அவற்றுள் ஐந்தும் மறைந்தவற்றோடு சேர்ந்தன. பெயர் பெறுமுன்னரே பிரிந்தவை அவை.

இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டிலத்திலே, மழை கண்டு ஆர்க்கும் தவளைகளின் ஒலியை வேதமோதும் அந்தணரின் ஒலியோடு ஒப்பிடும் சூக்தம் ஒன்று உண்டு. மாண்டூக்கியம் என்னும் உபநிடதப் பெயரும் மண்டூகமாகிய தவளையின் பெயரோடு தொடர்புடையதே. அவ்வொலி நின்ற காட்டிலே வேறு யாவும் முன்போல் இருந்தனவோ எனின், இல்லை. எல் கோப்பேயிலே தவளையையும் அதன் முட்டையையும் உண்டு வாழ்ந்த பாம்புகள் குறைந்தன. பல இனங்கள் அரிதாயின. இது 2020 இல் வெளிவந்த ஆய்வு. 2022 இல் வெளிவந்த மற்றொன்று நமக்கு இன்னும் அண்மையானது. கொஸ்தா ரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் மடிந்த ஆண்டையும், மலேரியாக் காய்ச்சல் மிகுந்த ஆண்டையும் மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டபோது, தவளை மறைந்து சில ஆண்டுகளில் மலேரியா கூடியிருக்கக் கண்டனர். உச்ச நிலையில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் மேலதிகமாக நோயுற்றனர். நுளம்புக் குடம்பிகளைத் தின்ற வாய்கள் இல்லாமையே காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒன்றை அடுத்து ஒன்று நிகழ்ந்தமையால் மட்டும் காரணகாரியம் முடிந்த முடிபாகாதெனினும், புறந்தள்ளத் தக்கதன்று.

பனாமா நாட்டவர் தம் நாட்டின் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றுவது பொற்றவளை. மஞ்சள் நிறத்தது, இரைந்து விழும் ஓடைக்கரையில் வாழ்வது. ஓடையின் இரைச்சலிற் குரல் கேளாதாகலின், முன்னங்காலை உயர்த்தி அசைத்துத் தன் இனத்தோடு பேசும். ஆகஸ்து 14 ஆம் நாளை அதற்குரிய தேசிய நாளாக அந்நாடு கொண்டாடுகின்றது. நோய் அண்மித்த 2006 இல், காப்பகம் கட்டி முடியாமையால், எல் வாயே என்னும் ஊரின் விடுதியொன்றிலே அறைகளை ஒழித்துத் தவளைகளைக் குடியேற்றினர். 2009 இன் பின் பொற்றவளை காட்டிற் கண்டதாகச் செய்தியில்லை. கண்ணாடித் தொட்டிகளிலே அதன் குலம் பெருகுகின்றது. திரும்பிச் செல்லும் ஓடையிலோ பங்கசு இன்னும் இருக்கின்றது.

இனி, தவளைப் பாய்த்தைப் பற்றி. கடலை இது எவ்வாறு கடந்தது? முதலில் விரல் நீண்டது ஆபிரிக்காவை நோக்கி. 1930 களிலே, பெண் கருவுற்றமையை அறிய ஒரு முறை கையாளப்பட்டது. அவளது சிறுநீரைத் தென்னாபிரிக்க நகத்தவளையின் உடலிலே ஏற்றினால், கருவுற்றிருப்பின் அத்தவளை சில மணி நேரத்தில் முட்டையிடும். இதற்காக அத்தவளைகள் உலகெங்கும் ஏற்றுமதியாயின. நூதனசாலைகளிற் சாராயத்தில் இட்டு வைத்திருந்த பழைய நகத்தவளைகளைச் சோதித்தபோது, 1938 இற் பிடித்த ஒன்றின் தோலிலே முட்டிப் பங்கசு இருக்கக் கண்டு, பிறப்பிடம் ஆபிரிக்காவே என்று 2004 இற் கூறினர். அம்முடிபு நிலைக்கவில்லை. உலகின் பல இடத்துப் பங்கசுகளைச் சேர்த்து மரபுப் பொருளை ஒப்பிட்ட பெரும் ஆய்வு 2018 இலே வெளிவந்தது. மொழிநூலார் ஒரு மொழிக்குடும்பத்தின் தாயகத்தை, கிளைமொழிகள் மிகுந்து செறிந்த இடத்திலே தேடுவர் அன்றோ? அவ்வாறே, இப்பங்கசின் வேறுபாடுகள் மிகச் செறிந்த இடம் கொரியத் தீபகற்பம் என்று கண்டனர். உலகெங்கும் கொன்று திரிந்த கிளை பரவத் தொடங்கியதும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி அளவிலேயே என்றனர். வாணிகக் கப்பலும் வானூர்தியும் உணவுக்கும் ஆய்வுக்கும் வளர்ப்புக்குமாக ஈரூடக வாழிகளைக் கொண்டு சென்ற காலம் அது. இரண்டு சதமமீற்றர் நீந்த மாட்டாத வித்தை நாமே கடல் கடத்தினோம்.

ஆசியாவிலே இப்பங்கசு தொன்மையானது. இந்தியாவின் மேற்கு மலைத் தொடரிலும் தவளைத் தோல்களில் இது காணப்பட்டுள்ளது. ஆயினும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது போன்ற பெருஞ்சாவு பதிவாகவில்லை. நெடுங்காலம் உடன் வாழ்ந்த தவளைக்கு இது ஒரு தொல்லை. அறியாத தவளைக்கு இதுவே கூற்றம். அதே பங்கசுதான். 2019 இல் வெளிவந்த கணக்கின்படி உலகில் 501 ஈரூடக இனங்கள் இந்நோயாற் குறைந்தன; 90 இனங்கள் அழிந்தன எனக் கருதப்படுகின்றன. ஒரே நோயால் இத்துணை இனம் கெட்ட செய்தி வேறொன்று அறியப்பட்டிலது.

இப்பொழுது பற்றீரியாவுக்கு வருவோம். தவளையின் தோல் வெறுந் தோலன்று. அதன் ஈரப்பசையிலே பற்றீரியாக்கள் பல இனத்தன குடியிருக்கின்றன. அவற்றுட் சில பங்கசின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ஊதா நிறமுடைய ஒன்று, வயலசீன் என்னும் சாயப் பொருளை ஆக்குகின்றது. அது பங்கசுக்கு நஞ்சு. றீட் ஹாரிஸ் என்பாரும் அவர் குழுவினரும் கலிபோர்ணியாவின் மலைத் தவளைகளை அப்பற்றீரியா கலந்த நீரிலே தோய்த்துப் பின் பங்கசை ஏற்றினர். தோய்த்தவை பிழைத்தன; தோயாதவை நலிந்து மாண்டன. 2009 இல் இச்செய்தி வந்தபோது, விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் மகிழ்ந்திருப்பர்.

அதே பற்றீரியாவைப் பனாமாப் பொற்றவளைக்கு இட்டுப் பார்த்தனர். சில வாரம் தங்கியது, பின் குறைந்து மறைந்தது, தவளைகள் மாண்டன. ஓர் ஊரின் காவலன் மற்றோர் ஊரிற் காவல் செய்யவில்லை. பனாமாக் காட்டுத் தவளைகளிலிருந்தே எடுத்த வேறு பற்றீரியாக்களை இட்டபோதும் அவை நிலைகொள்ளவில்லை. ஆனால் 2015 இல் எழுதப்பட்ட அவ்வாய்வில் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பங்கசு ஏற்றிய பொற்றவளைகளுட் சில, நோயைத் தாமே உதறிப் பிழைத்தன. எந்த மருத்துவம் செய்தோம் என்பது அவற்றைப் பிரிக்கவில்லை. சோதனை தொடங்குமுன்னரே அவற்றின் தோலில் இயல்பாய்க் குடியிருந்த பற்றீரியாச் சமுதாயம் மற்றவற்றினதினும் வேறாயிருந்தது. பற்றீரியாவெல்லாம் பகையென்று கொண்டு அத்தோலைக் கழுவித் துடைத்திருப்பின் அவையும் மாண்டிருக்குமோ என்னவோ.

வைரசின் செய்தி இன்னும் நுட்பமானது. தவளையைக் கொல்வது வைரசு என்று முதலில் ஐயுற்றுப் பின் கைவிட்டனர் அல்லவா? 2024 இலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்து ஆய்வாளர், பங்கசின் மரபுப் பொருளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதனுள் ஒரு வைரசின் மரபுப் பொருள் செருகிக் கிடப்பதைக் கண்டனர். தவளையின் கலத்துட் பங்கசு. பங்கசின் கலத்துள் வைரசு. வினைக்கு வினை உண்டென்று முதியோர் சொல்வது போல, பகைக்கும் ஒரு பகை கிடைத்தது என்று நாம் மகிழப் புகுவோம். பொறுத்தல் வேண்டும். வைரசு தங்கிய பங்கசு குறைந்த வித்துக்களையே ஆக்குகின்றது, உண்மை; ஆனால் தவளையைக் கொல்லும் கொடுமையில் அது மிஞ்சி நிற்பதற்கான அடையாளங்களும் உள. இதனைப் பங்கசைக் கட்டும் கருவியாக மாற்ற இயலுமா என்று ஆராய்கின்றனர்.

மருந்து இல்லையோ எனின், தொட்டியிலுள்ள தவளைக்கு உண்டு. பங்கசு கொல்லி மருந்தைக் கரைத்த நீரிலே நாள்தோறும் தோய்த்தால் நோய் தீரும். தீர்ந்த தவளையைப் பழைய குளத்தில் விட்டால் பங்கசு மீளவும் பற்றும். ஸ்பெயினுக்குரிய மயோர்க்காத் தீவிலே நடந்தது இதற்குச் சான்று. அத்தீவின் பாறைக் குளங்களில் வாழும் ஒரு தேரையினத்தைக் காக்க, வாற்பேய்களை எல்லாம் அள்ளி ஆய்வுகூடம் கொண்டுசென்று மருந்தில் தோய்த்து மீளவிட்டனர். நோய் திரும்பியது. பின்னர், வாற்பேய்களை எடுத்ததோடு அமையாது, குளங்களையும் வற்றச் செய்து, பாறைகளையும் கிருமிநாசினியாற் கழுவி, அதன்பின்னரே மீளவிட்டனர். நோய் ஒழிந்தது. 2015 இல் வெளியான இதுவே காட்டில் வாழும் ஈரூடக இனமொன்றிலிருந்து முட்டிப் பங்கசை அறவே நீக்கிய முதல் வெற்றி. எண்ணக்கூடிய சில குளங்கள் உள்ள தீவாகையால் இயன்றது. பனாமாவின் மழைக்காட்டை யார் வற்றச் செய்து கழுவ வல்லார்? இது கிடக்க, 2013 இல் சலமந்தர்களைக் கொல்லும் மற்றொரு முட்டிப் பங்கசு ஐரோப்பாவிலே பெயரிடப்பட்டது. அதுவும் ஆசியாவிலிருந்து வாணிகத்தோடு சென்றதே. ஐக்கிய அமெரிக்கா 2016 இல் 201 சலமந்தர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. வாயிலை அடைத்தல் மருந்திலும் மலிவானது என்பதை ஒரு நாடாவது காலத்தில் உணர்ந்தது.

முன்னர் மனத்திற் கொள்க என்று சொன்ன வெப்பநிலைச் செய்திக்கு இப்பொழுது மீள்கின்றேன். அவுஸ்திரேலியாவிலே பச்சையும் பொன்னுமாய் மின்னும் மணித்தவளை என்னும் இனம் பெரும்பாலான இடங்களில் மறைந்துவிட்டது. அங்கே பங்கசு மிகுவது குளிர்காலத்தில். துளைகளுள்ள சாதாரணச் செங்கற்களை அடுக்கி, மேலே சிறிய கண்ணாடிக் கூடாரம் போன்ற மறைப்பொன்றை இட்டு வெயிலில் வைத்தனர் ஆய்வாளர். குளிர்ந்த நாளிலும் உள்ளே செங்கல் சூடாயிருந்தது. தவளைகளை யாரும் பிடித்து உள்ளே விடவில்லை; அவை தாமே தேடிவந்து துளைகளுட் புகுந்து அமர்ந்தன. சூடு பங்கசுக்கு ஒவ்வாது, தவளைக்கு ஒக்கும். நோய் நீங்கின. அவ்வாறு தேறிய தவளைகள், பின்னர்க் குளிரிலே வைத்துப் பங்கசை மீண்டும் ஏற்றியபோதும் முன்போல் எளிதில் மாளவில்லை. 2024 ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. எல்லாத் தவளைக்கும் இது பொருந்தாது; சூட்டைத் தாங்காத மலைத் தவளைக்குச் செங்கல் அடுப்பு நன்மை செய்யாது. 

பெயர் கேட்டு வந்த மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். அண்மையிற் கண்டபோது, தவளைமுட்டி என்ற சொல்லைத் தன் குறிப்பேட்டில் இன்னும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னான். செங்கற் செய்தியைச் சொன்னேன். "எங்கட கிணத்துக் கட்டுச் செங்கலுக்குள்ளயும் ஒண்டு இருக்குது, சேர். மாரி வந்தா நித்திரை கொள்ள விடாது" என்றான்.